பம்பாய் வகை ரத்தம்

கரும்பலகையில் ஓவியா போட்ட நான்கு கட்டங்களிலும் ‘ஓ’ என்றே விடை வந்தது. கணக்கை ஒருமுறை மேலிருந்து கீழாகச் சரிபார்த்துவிட்டு அவள் திரும்பினாள்.

“டீச்சர், எனக்கு பி பாசிட்டிவ்.”

பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் நிமிர்ந்து டீச்சர் ஷாஹிதாவைப் பார்த்தது.

தப்பு தன்னுடையதுதான் என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் பெயரில்லாத ஒரு அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அவர்களை வைத்தே பாடத்தை முடித்திருக்கலாம். பிள்ளைகளுக்கு மரபியல் மனசில் நிற்கட்டும் என்று, “நாளைக்கு வரும்போது உங்க அப்பா அம்மா ரத்த வகையை எழுதிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். முதல் ஆளாகக் கையைத் தூக்கியவள் ஓவியா. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். இந்த வருஷம் புதிதாகக் கொடுத்த அடையாள அட்டைகளைப் பார்த்து எழுதி வந்திருந்தாள். இரண்டிலும் ஓ.

‘ஓ அப்பாவுக்கும் ஓ அம்மாவுக்கும் ஓ பிள்ளைதான் பிறக்கும்’ என்று ஷாஹிதா சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

“அப்ப பி எங்கேருந்து வந்துச்சு?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“உட்காருங்க. யாரும் இந்தக் கணக்கைப் போட வேண்டாம். நோட்டை மூடுங்க.”

அது இன்னும் மோசமாகப் போயிற்று. மூடச் சொன்னதால் எல்லாரும் ஓவியாவைப் பார்த்தார்கள்.

மதிய இடைவேளையில் ஷாஹிதா அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஸ்கூல் மெடிக்கல் கேம்ப்ல அவசரத்துல எழுதியிருப்பாங்கம்மா. உனக்கும் ஓவாத்தான் இருக்கும். வா, ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம்.”

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் சொர்ணலட்சுமி ஓவியாவின் விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு வைத்து, மருந்து விட்டு ஆட்டிப் பார்த்தார்.

“பி பாசிட்டிவ். சந்தேகமே வேண்டாம் டீச்சர்.”

காலையில் கொஞ்சம் சந்தேகமாவது மிச்சமிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

திரும்பி வரும் வழியில் ஓவியா கேட்டாள். “டீச்சர், ஜீன் பொய் சொல்லுமா?”

“சொல்லாதும்மா” என்று பதினோரு வருஷப் பழக்கத்தில் ஷாஹிதா சொல்லிவிட்டார். ஓவியா அன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

கடைசி பீரியடில் ஷாஹிதாவுக்கு ஒரு வழி தோன்றியது. கல்லூரியில் படித்தது. அபூர்வமாகச் சிலருக்கு பி ஜீன் உடம்பிலேயே இருக்கும். ஆனால் சோதனையில் ஓ என்றுதான் காட்டும். அவர்களுடைய பிள்ளை பி ஆகப் பிறக்கலாம். ஓடிப் போய் ஓவியாவைப் பிடித்தார்.

“இதுக்குப் பேரு பம்பாய் வகை ரத்தம். உங்க அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அது இருக்கலாம். கவலைப்படாம வீட்டுக்குப் போ.”

ஓவியாவின் முகம் தெளிந்தது. ஷாஹிதாவும் நிம்மதியாக சிவகாசி பஸ் ஏறினார்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஓவியாவின் அம்மா செல்வலட்சுமி நின்றுகொண்டிருந்தார். கம்பெனி வேன் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

“டீச்சர், பம்பாயில யாருன்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“யாருன்னா?”

“கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருசம் பம்பாயில முறுக்குக் கடையில இருந்தாரு. அங்கன இருந்ததப் பத்தி ஒத்த வார்த்தை எங்கிட்ட சொன்னதில்ல. நேத்து ஓவியா வந்து, அப்பாவுக்கு பம்பாய் ரத்தம்னு டீச்சர் சொன்னாகங்கா. அந்த மனுசன் திருதிருன்னு முழிக்காரு.”

“ஐயோ அக்கா, அது வெறும் பேரு. முதல்ல பம்பாயில கண்டுபிடிச்சதால அப்படி வச்சாங்க.”

“அங்கன போய் கண்டுபிடிக்கிற அளவுக்கு என்ன பண்ணி வச்சாரு?”

“அவருக்குத்தான்னு இல்லக்கா. உங்களுக்குக்கூட இருக்கலாம்.”

செல்வலட்சுமி இடுப்பில் கைவைத்தார். “நான் மதுரையைத் தாண்டினதில்ல டீச்சர்.”

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. அவர் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். வேனின் கடைசி சீட்டில் ஓவியாவின் அப்பா முத்துப்பாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததை ஷாஹிதா கண்டார். நடுவில் உட்கார்ந்திருந்த பதினாறு பேரும் முன்னாலும் பின்னாலும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் ஷாஹிதா அவர்கள் வீட்டுக்கே போனார். முத்துப்பாண்டி அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளிப் பொடி மின்னியது. கம்பெனியில் வெடிமருந்து கலக்கிறவர்.

“வாங்க டீச்சர், உக்காருங்க” என்றார். செல்வலட்சுமி காபி கொண்டுவந்து டீச்சருக்கு மட்டும் கொடுத்தார்.

“அக்கா, ஓவியா பிறந்தப்ப ஆஸ்பத்திரியில ஒரு அட்டை கொடுத்திருப்பாங்களே? அதுல உங்க ரத்த வகை இருக்கும்.”

“அது மழைக்கு வீடு ஒழுகினப்பவே நனைஞ்சு கூழாப் போச்சு. அதான் கம்பெனி கார்டு இருக்குல்ல?”

கழுத்திலிருந்து கழற்றிக் காட்டினார். ‘இரத்த வகை’ என்ற இடத்தில் வட்டமாக ஆங்கில ஓ. முத்துப்பாண்டியின் அட்டையிலும் அதேதான்.

ஷாஹிதா வேறு வழியில்லாமல் பாடத்தையே எடுத்தார். முத்துப்பாண்டிக்குப் புரிய வேண்டுமே என்று அவருடைய தொழிலிலிருந்தே எடுத்தார்.

“அண்ணே, உங்க கம்பெனி ஆபீஸ்ல எந்த வெடிக்கு எந்த மருந்து எம்புட்டுன்னு ஒரு நோட்டு இருக்கும்ல? அதுதான் டிஎன்ஏ. அந்த நோட்டை யாரும் வெளிய கொண்டுவர மாட்டாங்க.”

“ஆமா, பூட்டி வச்சிருப்பாக.”

“அதைப் பார்த்து ஒரு சீட்டு எழுதி உங்க ரூமுக்கு அனுப்புவாங்க. அது ஆர்என்ஏ. சீட்டுல இருக்கிற வரிசைப்படி நீங்க சாமான் சேர்ப்பீங்க. வர்ற சரக்குதான் புரதம். பிள்ளைக்குப் பாதி நோட்டு அப்பாகிட்டேருந்து வரும், பாதி அம்மாகிட்டேருந்து வரும்.”

முத்துப்பாண்டி மெதுவாகத் தலையாட்டினார். பதினோரு வருஷத்தில் இவ்வளவு கவனமாக யாரும் ஷாஹிதாவின் பாடத்தைக் கேட்டதில்லை. அவருக்கே சந்தோஷமாக இருந்தது.

“நல்லாப் புரியுது டீச்சர். அப்ப பச்சை மருந்து என் நோட்டுலயும் இல்ல, இவ நோட்டுலயும் இல்ல. மத்தாப்பு மட்டும் எப்படிப் பச்சையா எரியுது?”

ஷாஹிதா காபியைக் குடித்தார். ஆறியிருந்தது.

ஓவியா கதவோரம் நின்றுகொண்டு நகத்தைக் கடித்தாள். முத்துப்பாண்டி அவளைப் பார்த்தார். கையைத் துண்டில் துடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“ரத்தம் என்ன வேணா சொல்லட்டும் டீச்சர். இவ எம் மக. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

ஷாஹிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓவியா அழுதேவிட்டாள். இத்தோடு முடிந்தது என்று ஷாஹிதா எழுந்திருக்கப் போனபோது செல்வலட்சுமியின் குரல் வந்தது.

“என்ன வேணா சொல்லட்டும்னா என்ன அர்த்தம்?”

“ஏலா, நான் நல்லதுக்குத்தான...”

“ஒண்ணும் கேக்க மாட்டேன்னா, கேக்குறதுக்கு என்னமோ இருக்குன்னுதான அர்த்தம்? பெரிய மனசு பண்ணி மன்னிக்கீகளோ? நீங்க மன்னிக்கும்படியா நான் என்ன செஞ்சேன்?”

“நான் எங்க மன்னிச்சேன்?”

“மன்னிக்கவும் மாட்டீகளா?”

முத்துப்பாண்டி உதவிக்கு டீச்சரைப் பார்த்தார். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒன்றும் இல்லை.

“மூணு பேரும் போய் ரத்தம் குடுப்போம்” என்றார் செல்வலட்சுமி. “நாளைக்கே குடுப்போம். பம்பாயா, நம்மூரு புதுப்பட்டியான்னு தெரிஞ்சிரட்டும்.”

“அக்கா, நான் சொன்ன முறையில ஏதோ...”

“நீங்க பாடம் நடத்துனீக டீச்சர். உங்க மேல தப்பில்ல” என்றார் செல்வலட்சுமி. அது ஷாஹிதாவை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் சனிக்கிழமை. தீபாவளிக்கு முந்திய சீசன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கேட்டால் கம்பெனியில் கொடுக்க மாட்டார்கள் என்பதால், தானே வந்து கேட்பதாக ஷாஹிதா சொல்லியிருந்தார்.

கம்பெனி கேட்டில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். ஆபீஸ் அறையில் கிளார்க் காளீஸ்வரன் லோடு சீட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். வாசலின் இடது பக்கம் முத்துப்பாண்டி நின்றார். வலது பக்கம் செல்வலட்சுமி நின்றார். இரண்டு பேரும் எதிரெதிர் திசையில் பார்த்தார்கள்.

“அரை நாள் போதும் சார்” என்றார் ஷாஹிதா. “ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும்.”

“அடுத்த வாரம் ஆர்டர் போகணும் டீச்சர். மருந்து ரூம்ல ஒரு ஆளு குறைஞ்சாலும் வேலை நின்னுரும். அப்படி என்ன அவசரம்?”

ஷாஹிதா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி நடந்ததையெல்லாம் சொன்னார். கரும்பலகைக் கட்டத்தைச் சொன்னார். மூன்று சொட்டு ரத்தத்தைச் சொன்னார். பம்பாயைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

“என்னால ஒரு குடும்பம் ரெண்டு நாளா பேசிக்காம இருக்கு சார். அந்தப் பிள்ளை கண்ணாடி முன்னாடியே நிக்குதாம். சோதனை பண்ணிப் பார்த்துட்டா என்னன்னு தெரிஞ்சிடும். நல்லதோ கெட்டதோ, நான் கூடவே இருக்கேன்னு சொல்லியிருக்கேன்.”

இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். “பாருங்க. அவருக்கும் ஓ, இவங்களுக்கும் ஓ.”

காளீஸ்வரன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டைகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார்.

“டீச்சர், இது ஓ இல்ல, சைபர். ரத்த வகை தெரியாதுன்னு சொன்னவுக எல்லாருக்கும் சைபர்னுதான் அடிக்கச் சொன்னேன்.”