கடையில் தேறாத பாடம்

பிரசங்கம் செய்யப் பயப்பட்ட உபதேசியார் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் கல்முனை ஆலயத்துக்கே வாய்த்தார். அவருடைய பெயர் பலருக்குத் தெரியாது. ‘விளங்கிச்சா உபதேசியார்’ என்றால் ஆட்டோக்காரர் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்.

நாலு வசனம் பேசுவார், நிறுத்துவார். “விளங்கிச்சா?” பசி வயிற்றோடு நாங்கள் “ஓம்” என்போம். “அப்ப சொல்லுங்க பாப்பம்” என்று ஒருவரை எழுப்புவார். சபைச் செயலாளர் என்ற பாவத்துக்கு முன்வரிசையில் இருந்த நான்தான் வாரம் தவறாமல் எழும்பினேன். கிருபை என்றால் என்னவென்று சொல்லத் தெரியாமல் ஒருநாள் அரை மணி நேரம் நின்றேன். முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை.

ஒரு கல்யாணத்தில் ஆமென் சொன்ன மாப்பிள்ளையையே மறித்துவிட்டார்.

“எதுக்குத் தம்பி ஆமென் சொன்னீங்க?”

“எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னன்.”

வாக்குறுதியை முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். வெளியே புரியாணி ஆறிப்போனது. பெண்வீட்டார் என்னைத்தான் முறைத்தார்கள்.

இதெல்லாம் போதாதென்று, ஞாயிறு சொல்லப்போகும் பாடத்தைச் சனிக்கிழமையே சந்தியில் காக்காவின் தேத்தண்ணிக் கடையில் சொல்லிப் பார்ப்பார். காக்கா என்று ஊரே கூப்பிடும் அவர், ஐந்து வேளையும் தொழுகிற சாய்ந்தமருது மனிதர்.

“நம்பச் சொல்லல்ல காக்கா. விளங்குதா எண்டு மட்டும் சொல்லுங்க.”

காக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்பார். “விளங்கல்ல” என்றால் அந்தப் பாடம் அவ்வளவுதான்.

ஒரு டிசம்பர் ஞாயிறு, ஆலயம் நிறையச் சனம். உபதேசியார் எழும்பி, “இண்டைக்குப் பாடமில்ல. நேத்துக் கடையில தேறல்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சனம் என்னைத் தின்னாத குறை. அலுத்துப்போய், மறுநாள் காக்காவோடு சண்டைக்குப் போனேன்.

“ஒவ்வொரு டிசம்பரிலயும் இதே பாடத்தத்தான் கொண்டு வாறார்” என்றார் காக்கா. “புள்ளயப் பறிகொடுத்த தாய்க்கு என்ன சொல்றது எண்டு. சுனாமியில எனக்கும் மகள் மௌத்தானதுதானே. அதான் என்னட்டக் கேக்கார்.”

என் கோபம் அடங்கிவிட்டது. மேரியக்கா நினைவுக்கு வந்தார். அந்தக் கடல் அவருடைய ஒரே மகனைக் கொண்டுபோயிருந்தது. அடக்கத்தில் நின்ற உபதேசியார், “ஆண்டவருக்கு அவன் தேவைப்பட்டான், எடுத்திட்டார்” என்று சொல்லிவிட்டார். “அவருக்கு எதுக்கு? எனக்கெல்லோ தேவ!” என்று கத்திய மேரியக்கா, அதன்பிறகு ஆலயத்தில் கால் வைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், இவர் ‘விளங்கிச்சா’ என்று கேட்கத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

அடுத்த சனிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். உபதேசியாரின் பாடம் அன்று மிகச் சிறியது.

“அவன் ஏன் செத்தான் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஆண்டவர்ர பேரில கதைச்சிட்டன். அது பிழை. சாவு வீட்டில ஆண்டவரும் அழுதவர்தான்.”

காக்கா ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார். “இது விளங்குது. எனக்கில்ல, அந்தத் தங்கச்சிக்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

போனோம். மேரியக்கா படலையைத் திறக்காமலே முழுவதையும் கேட்டார்.

“இதச் சொல்ல இவ்வளவு வருஷமா?”

“ஓம் பிள்ள. நான் மெதுவாப் படிக்கிற ஆள்.”

படலை திறந்தது. மறுநாள் அவர் கடைசி வரிசையில் வந்து இருந்தார். அன்றைக்கு உபதேசியார் ஒருவரையும் எழுப்பவில்லை.

போன வருடம் உபதேசியார் காலமாகிவிட்டார். ஆள் கிடைக்காததால் பாடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. சனிக்கிழமைகளில் நான்தான் இப்போது அந்தக் கடை வாங்குப் பலகையில் இருக்கிறேன். போன வாரமும் தேறவில்லை. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும், என்னை எழுப்பிக் கேள்வி கேட்க அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடிக்கவே இல்லை.