நோட்டில் ஏறாத க்ரீம் பன்

எடையில் ஏமாற்றுகிறவனைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். கொதிப்பதற்குத்தான் சம்பளமே. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிக்க வேண்டும். சரியாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும். இல்லாவிட்டால் கடைக்காரரை வியர்க்க வைக்க வேண்டும். இதுதான் என் உத்தியோகம். கடைத்தெருவில் எனக்கு 'முத்திரை' என்றே பெயர். பத்து கிராம் குறைந்தாலும் விடமாட்டேன். இப்பேர்ப்பட்ட நான்தான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கை கூசாமல் பதினான்கு நாள் பொய் எழுதினேன்.

எல்லாம் டாக்டரம்மாவால் வந்தது. என்னை எடை மெஷினில் ஏற்றினார். எண்பத்து மூன்று கிலோ. இறக்கினார்.

"ஒரு நாளைக்கு என்ன சாப்பிடறீங்க?"

"ஏதோ, உயிரோட இருக்கிற அளவுக்கு" என்றேன் அடக்கமாக.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு இருமல் வந்தது.

"பதினாலு நாள் வாயில போடற ஒவ்வொண்ணையும் எழுதிட்டு வாங்க. அளவோட இருந்தா இப்படியே போகலாம். இல்லன்னா பட்டியல் நான் போடுவேன். கேக், பன் எல்லாம் கட்."

பன் என்றதும் நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டேன். ஆபீசுக்கு எதிர் பேக்கரியில் தினமும் நாலு மணிக்கு க்ரீம் பன் வரும். உள்ளங்கை அளவு. அமுக்கினால் நாலு பக்கமும் க்ரீம் எட்டிப் பார்க்கும். நான் இன்னும் வேலையை விடாமல் இருப்பதே அதற்காகத்தான். இந்த விஷயம் வீட்டுக்குத் தெரியாது.

முதல் நாள் நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன். காலைச் சாப்பாட்டுக்கே ஒன்றரைப் பக்கம் ஆனது. மதியம் முடிவதற்குள் பேனாவில் மை தீர்ந்தது. எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டின் சமையல் குறிப்பு மாதிரி இருந்தது. மூன்று பக்கத்தையும் கிழித்துச் சுக்குநூறாக்கிவிட்டு, புதுப் பக்கத்தில் முத்து முத்தாக எழுதினேன்:

காலை – ரொட்டி ஒரு துண்டு. மதியம் – சோறு ஒரு கரண்டி, காய் கொஞ்சம். மாலை – சர்க்கரை இல்லாத டீ. இரவு – பசியில்லை.

நோட்டைப் பிரிஜ் மேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். அதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

மறுநாள் காலை தட்டில் ஒரு துண்டு ரொட்டி தனியாகப் படுத்திருந்தது.

"என்னம்மா இது?"

"ரொட்டிங்க."

"தெரியுது. மத்தது?"

"மத்தது எது? ஒரு துண்டுன்னுதானே எழுதியிருக்கீங்க?"

"அது வந்து..."

"தப்பு என் மேலதாங்க. இத்தனை வருஷமா ஆறு ஆறா அடுக்கி வெச்சு உங்களைக் கொடுமைப்படுத்தியிருக்கேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

வாயைத் திறந்தேன். அதில் வைக்க ஒன்றும் இல்லாததால் மூடிக்கொண்டேன்.

மதியம் டப்பாவைத் திறந்தால் ஒரு கரண்டி சோறு. இரவு தட்டே வரவில்லை.

"பசியில்லைன்னு எழுதியிருந்தீங்களே, எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நாங்க சாப்பிட்டுட்டோம்" என்றாள். அவளும் மகளும் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நாலு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் எதிர்வீட்டு பஸ் கண்டக்டரிடம் கண் கலங்கிச் சொல்லிவிட்டேன்.

"அட, இதுக்குப் போய் அழறீங்களே! நோட்டுல இருக்கிறதைத்தானே வைக்கிறாங்க? கூட்டி எழுதுங்க சார், கூட்டி வைப்பாங்க."

மனிதர் தெய்வமாகத் தெரிந்தார். அன்றைக்கே எழுதினேன்: ரொட்டி எட்டு, முட்டை நாலு, சோறு ஒரு மலை.

மறுநாள் காலை மேஜையில் தட்டு, கரண்டி, தண்ணீர் எதுவுமே இல்லை.

"டிபன்?"

"எதுக்குங்க? நேத்து எட்டு ரொட்டி, நாலு முட்டை சாப்பிட்டிருக்கீங்க. நான் வெச்சது ஒண்ணு. மீதி ஏழு எங்க சாப்பிட்டீங்க?"

"வெ... வெளியில."

"வெளியில அவ்வளவு கிடைக்குதா! அப்ப வீட்டுல எதுக்கு வீணா சமைக்கணும்?"

குறைத்து எழுதினால் குறைகிறது. கூட்டி எழுதினால் மொத்தமாக நிற்கிறது. மறுபடி ஒரு துண்டுக்கே திரும்பினேன். மிச்ச நாட்களை பேக்கரிதான் காப்பாற்றியது. ஒரு பன் மூன்றானது, மூன்று ஐந்தானது. ஒன்றுகூட நோட்டில் ஏறவில்லை.

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். புருவம் நெற்றிக்கு ஏறியது.

"இவ்வளவுதான் சாப்பிட்டீங்களா? மெஷின்ல ஏறுங்க."

ஏறினேன். எண்பத்தாறு.

பன்னைக் காப்பாற்ற எனக்கு ஒரே வழிதான் இருந்தது. உத்தியோகக் குரலை எடுத்தேன்.

"இந்த மெஷின் தப்பு, டாக்டர்! இருபது வருஷம் தராசோட குடும்பம் நடத்துறவன் சொல்றேன். மூணு கிலோ கூட்டிக் காட்டுது. இதை எவன் சோதிச்சான்?"

என் மனைவி குனிந்து மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"இங்க ஒரு சீட்டு ஒட்டியிருக்குங்க. 'துல்லியமானது, பிழை இல்லை.' போன மாசத் தேதி. முத்திரையும் இருக்கு. கீழ ஒரு கையெழுத்து... ஏங்க, உங்க கிறுக்கல் மாதிரியே இருக்கே!"

போன மாதம் எத்தனையோ மெஷினுக்கு முத்திரை குத்தியிருந்தேன். இதையும் குத்திய ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது.

"மெஷின் பொய்யா, நோட்டு பொய்யா?" என்றார் டாக்டரம்மா. "மெஷின்தான்னா உங்க ஆபீசுக்கு நான் ஒரு கடிதம் போடணும்."

வேலையா, பன்னா? வேலை போனால் பேக்கரிக்கு எதிரில் உட்காரவும் முடியாது. நோட்டுதான் பொய் என்று ஒப்புக்கொண்டேன். க்ரீம் பன்னையும் சொன்னேன். ஐந்து என்று சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"அப்ப பன் கட்" என்று பேனாவை எடுத்தார்.

அப்போது என் மனைவி குறுக்கே புகுந்தாள். "டாக்டர், பாவம், அடியோட நிறுத்தினா ஏங்கிப் போயிடுவார். தினம் ஒண்ணு இருக்கட்டும். நானே வாங்கி வீட்டுல வெச்சுத் தரேன். நோட்டையும் இனிமே நானே எழுதறேன்."

"நீங்க எழுதினா நம்பலாம். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல கூடாது."

இத்தனை பொய்க்குப் பிறகும் எனக்காகப் பேசியிருக்கிறாளே! இவளைப் போய்க் கொடுமைக்காரி என்று நினைத்தேனே என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு பேக்கரிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஐந்தரைக்கு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். மேஜையில் தட்டு இருந்தது. தட்டில் நாலு பன் துணுக்கு மட்டும் இருந்தது.

"பன் எங்கம்மா?"

"சாப்பிட்டாச்சுங்க."

"யாரு?"

"நீங்கதான். நோட்டைப் பாருங்க."

பார்த்தேன். அழகான கையெழுத்தில் இருந்தது: மாலை – க்ரீம் பன் ஒன்று.

"நான் எப்பம்மா சாப்பிட்டேன்?"

"டாக்டர் நோட்டைத்தாங்க நம்புவாங்க. உங்களை இல்ல."

அவள் உதட்டோரத்தில் க்ரீம் இருந்தது. நான் சாப்பிட்ட பன் எப்படி இருந்தது என்று அவளிடமே கேட்டேன். நன்றாக இருந்ததாம்.