பூதக்கண்ணாடி சாரின் ஜெப விண்ணப்பம்

ஒரு பூச்சியின் பெயர் தெரியாமல் கர்த்தரிடம் விண்ணப்பம் போட்ட மனிதர், உலகத்திலேயே எங்கள் சித்தூர் பூதக்கண்ணாடி சார் ஒருவர்தான். கல்யாணப் பந்தியில்கூட மிதக்கும் சீரகத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் ரசத்தில் கை வைப்பார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் அவர் அவஸ்தையிலெல்லாம் எனக்கும் பங்கு வரும்.

அவர் தோட்டத்தில் சின்னக் குளம் ஒன்று. அவரே வெட்டி, அல்லி வைத்து, மீன் விட்டது. போன மழைக்குப் பிறகு ஒரு காலையில் அதன் ஓரமெல்லாம் மிளகுப்பொடி தூவியது போல் பூச்சிகள். விரலை நீட்டினால் துள்ளி மறைந்தன. அந்த நேரம் பார்த்துத் திருப்பதியிலிருந்து மகள் வீடியோ காலில் வந்தாள்.

“நைனா, இன்னா பூச்சின்னு தெரியாம பாப்பாவ அங்க இட்டுக்கினு வரமாட்டேன். இல்லன்னா குளத்த மூடிடு!”

பேத்தியா, குளமா? மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. செல்போன் ஆப்பில் படம் காட்டினால் அது ‘எள்’ என்றது. குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். ஒரு சித்தப்பா மட்டும் ‘ஆமென்’ என்று பதில் அனுப்பினார்.

கடைசியில் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றுவிட்டார். “என் குளத்துல பேர் தெரியாத பூச்சி வந்துகீது. ஜெபம் பண்ணுங்க...” பேர் தெரிந்தால் போதும் என்பதைச் சொல்லாமலே அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டார். சபையே உருகி ஜெபித்தது.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினார். பூச்சி போட்ட ஜாம் பாட்டில் என் மடியில்.

“ஏமண்டி, பாட்டில்ல இன்னா?” என்றார் கண்டக்டர்.

“தெரியாதுப்பா. அத்தக் கேக்கத்தான் போய்க்கினு கீறோம்,” என்றார் சார். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் அம்மாள் பார்த்த மாத்திரத்தில் சிரித்தார். “ஸ்பிரிங்டெயில் சார். வயித்துக்கு அடியில மடிச்சு வெச்ச வாலால உதைச்சுக் குதிக்கும். அழுகின இலையத்தான் துன்னும். கடிக்காது, குழந்தைக்கு ஒண்ணும் ஆவாது.” வகுப்பில் காட்ட வேண்டுமென்று பாட்டிலையும் வாங்கிக்கொண்டார். மகள் போனிலேயே சம்மதித்தாள். சார் ஊர் வந்து சேரும்வரை அந்தப் பெயரை ஸ்தோத்திரம் போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கேட்டைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. சபைச் சகோதரர்கள் கையில் வாளியும் வாய் நிறையச் சிரிப்புமாக நின்றார்கள்.

“ஜெபம் மட்டும் போதுமா சார்? நாங்களே வந்து சுத்தம் பண்ணிட்டோம். ஒரு பூச்சி கெடையாது!”

அவர்கள் முதுகுக்குப் பின்னால் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அல்லி கருகிக் கிடந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறப்பதற்குள் சார் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்,” என்று அவர்களைக் கும்பிட்டார். உள்ளே போய் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். அவர்கள் போன பிறகுதான் குளத்தருகே மண்டியிட்டு, கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஒன்றாவது துள்ளுகிறதா என்று தேடினார். ஒன்றும் துள்ளவில்லை.

அந்தப் பூச்சி ஒன்றும் செய்யாது என்ற விஷயம் இன்றுவரை சபையில் யாருக்கும் தெரியாது. “தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாங்கப்பா, பாவம்” என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருக்கிறது எனக்கு.