செவந்திக்கு இருட்டு வேண்டி

லோதி ரோடு, புது தில்லி
2.11.1997

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஜோதிலிங்கம் அவர்களுக்கு, மாமனார் அழகர்சாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் நலம், உங்கள் அத்தையும் நலம். ஆனால் தனித்தனியாக நலம். கோவையில் தாங்களும் மாலாவும், தங்கள் கல்லூரித் தோட்டத்துப் பயிர்களும் சுகமாக இருக்க மீனாட்சி அருள்வாள்.

நிற்க. டிசம்பர் மலர்க் கண்காட்சிக்காக உங்கள் அத்தை வளர்க்கும் செவந்தி இடுப்பு உயரம் வளர்ந்தும் மொட்டு வைக்கவில்லை என்று எழுதியிருந்தேன். செவந்தி இரவின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும், இலைக்குள் ஃபைட்டோகுரோம் என்று வெளிச்சத்தை உணரும் ஒரு நிறமி இருக்கிறது, ராத்திரியில் விளக்கு பட்டால் இன்னும் கோடைதான் என்று நினைத்துச் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும் என்று தாங்கள் விளக்கமாகப் பதில் போட்டீர்கள். அந்தக் கடிதத்தை நான் சத்தமாக வாசித்திருக்கக் கூடாது. ஏனென்றால் எங்கள் வாசலுக்கு எதிரே நிற்கும் மஞ்சள் தெருவிளக்கு, ஆறு மாதம் மனுமேல் மனு போட்டு நானே வாங்கியது. "அப்ப மொட்டு வைக்காம பண்ணுனது நீங்கதானா?" என்று கேட்டவள்தான், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

தாங்கள் சொன்னபடியே கரோல் பாக் போய்க் கறுப்புத் துணி வாங்கி வந்து, சாயங்காலமே தொட்டிகளைத் தலையோடு மூடி, காலையில் திறந்தேன். இரண்டு வாரத்தில் மிளகு மாதிரி மொட்டுகள் எட்டிப்பார்த்தன. உங்கள் அத்தையும் முறைப்பதைக் குறைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, மாடிவீட்டுக்குப் புதிதாக வந்த கபூர், வாசலில் கறுப்பாக ஏதோ வரிசையாக உட்கார்ந்திருக்கிறதே, வெடிகுண்டோ என்று போலீசுக்குப் போன் செய்துவிட்டார். நாயோடு வந்துவிட்டார்கள். கட்டடத்தையே காலி செய்து எல்லோரையும் புல்வெளியில் நிறுத்தினார்கள். எண்ணெய் வைத்த தலையோடு உங்கள் அத்தையும் நின்றாள். இன்ஸ்பெக்டர் லத்தியால் துணியைத் தூக்கி, "யே க்யா ஹை?" என்றார். பூச்செடி ஐயா, இதற்கு நீண்ட ராத்திரி வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "நீண்ட ராத்திரி எங்களுக்கும்தான் வேணும், அங்கிள்ஜி" என்று அவர் இந்தியிலேயே சொல்லிவிட்டு, துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி எதையும் மூடக்கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம். விளக்கை எடுத்துவிடுங்கள் என்று, அதைப் போட்டுக்கொடுத்த முனிசிபல் ஆபீசில் போய்க் கேட்டால், அங்கிருக்கும் குமாஸ்தா பாபு என் பழைய மனுக்களை மேசையில் அடுக்கி, "விளக்கு கேட்டதும் நீங்க, வேண்டாம்னு சொல்றதும் நீங்களா? அச்சா, ஒரு காரணம் எழுதிக் குடுங்க" என்கிறார். ஆகவே மாப்பிள்ளை, ஃபைட்டோகுரோம் பற்றிக் கல்லூரித் தாளில் ஆங்கிலத்தில் ஒரு சான்று எழுதி, முத்திரை வைத்து அனுப்ப வேண்டும். வைத்த மொட்டு கருகுவதற்குள் அந்த விளக்கு அணைய வேண்டும். பூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்க வேண்டும்.

மாலாவுக்கு என் ஆசிகள். தாங்கள் இருவரும் பூவும் பிஞ்சுமாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்,
அழகர்சாமி

பி.கு.: சான்று வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போதே விளக்கு தானாக அணைந்துவிட்டது. "என்னங்க, காப்பி குடிக்கிறீங்களா?" என்று உங்கள் அத்தை கேட்டுவிட்டாள். ஆனால் அவள் கேட்பதற்குள், விளக்கு எரியவில்லை என்று பழக்கதோஷத்தில் ஆபீசுக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, உடனே ஆள் அனுப்புகிறார்களாம். ஏணி வந்துகொண்டிருக்கிறது. காப்பி இன்னும் வரவில்லை.