ஆற்றுப் பனியில் இரண்டு வாளிப் பால்

“...ஆகவே, எனது மரங்களின் பாலை நீங்கள் எங்கே கொண்டு செல்கிறீர்கள், மரியாதைக்குரிய ஐயா?”

இப்படிச் செந்தமிழில் கேட்டது ஒரு கைபேசி. அதைப் பிடித்திருந்த அக்கா அதற்கு முன் ஒரு நிமிஷத்துக்குக் குறையாமல் தன் மொழியில் பொரிந்து தள்ளியிருந்தார். அவ்வளவையும் விழுங்கிவிட்டுக் கடைசி வரியை மட்டும் தமிழாக்கிப் போன் துப்பியது. (நல்லவேளை. முன்னாடி சொன்னதும் தமிழ்ல வந்திருந்தா நான் அங்கேயே உக்காந்து அழுதிருப்பேன்.) என் இரண்டு கைகளிலும் இரண்டு வாளி. இரண்டிலும் றப்பர் பால். இடம், லாவோஸ் நாட்டின் வடக்கே, ஆற்றோரமாக ஒரு சின்ன ஊர். பேரைச் சொல்லமாட்டேன். அங்கே எனக்குக் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

இலங்கையில் எஹலியகொட பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. விடியக்காலையில் பெரட்டு என்று களத்தில் ஆள் கூட்டி, வேலை பிரித்துக் கொடுத்து, பிறகு மரம் மரமாகச் சுற்றி வெட்டுச் சரியா, பால் சரியா என்று பார்க்கிற உத்தியோகம். எனக்கு ஐம்பது வயதானபோது, கொழும்பில் வேலை செய்யும் மகள் தீபா ஒரு டிக்கட்டை நீட்டினாள். “அப்பா, ஒரு வாரமாவது பாலும் வேணாம், மழையும் வேணாம். லாவோஸ் பக்கம் போயி சும்மா இருந்துட்டு வாங்க.” அவள் பார்த்த படங்களில் ஆறும் மலையும் இருந்தன. மலையில் இருந்தது என்ன மரம் என்று அவள் உற்றுப் பார்க்கவில்லை. என் மனைவி சரசு வரமாட்டேன் என்றாள். “எனக்கு பிளேன்ல காது அடைக்கும். நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க, நானே பார்த்த மாதிரி நம்பிக்கிறேன்.”

அந்தப் பயணத்துக்குப் பிறகு, எங்கள் தோட்டத்தில் யார் பாஸ்போர்ட் எடுத்தாலும் யோசனை கேட்க என்னிடம்தான் வருகிறார்கள். நானும் வஞ்சகமில்லாமல் சொல்வேன். தங்குகிற விடுதியின் பேர்ப்பலகையைப் போய் இறங்கியதுமே போட்டோ பிடியுங்கள். வாய் திறக்காமல் அதைக் காட்டியே வீடு திரும்பலாம். ஊருக்கு ஊர் போகிற வேன், ஆள் நிறையாமல் கிளம்பாது. கத்தாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்தவர் சோற்றுக் கூடையைத் திறப்பார், உங்களுக்கும் ஒரு உருண்டை கிடைக்கும். சந்தைக்கு விடியும்போதே போங்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன தின்கிறாரோ அதையே விரலால் காட்டுங்கள். லுணுமிரிஸ் சம்பல் கொண்டு போனால் மூன்று பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். (நான் ஒரு பையில கட்டினேன். என் வெள்ளைச் சட்டை இப்போ வெள்ளையில்லை.) பெட்டியில் எதை வைக்க மறந்தாலும் பரவாயில்லை, உங்கள் உத்தியோகத்தை மட்டும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

நான் இறக்கி வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை. சந்தையில் கஞ்சி மாதிரி ஒன்றைக் குடித்துவிட்டு ஆற்றோரமாக நடந்தேன். ஆற்றிலிருந்து பனி எழும்பி வந்துகொண்டிருந்தது. முதலில் அக்கரை போனது, பிறகு படகுகள் போயின, கடைசியில் என் செருப்பே போய்விட்டது. எங்கேயோ ஒரு சேவல், எங்கேயோ ஒரு மணிச் சத்தம், நடுவில் நான். நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாத ஒரு நடை. பாதை மெல்ல ஏறியது. பனிக்குள்ளிருந்து வரிசை வரிசையாக மரங்கள் வந்தன. சாய்வாக ஒரு வெட்டு, அதன் கீழே கிண்ணம், கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக வெள்ளை.

றப்பர்! கடல் தாண்டி வந்தவனுக்கு முன்னால் எங்கள் தோட்டத்துப் பத்தாம் நம்பர் மலையே வந்து நின்ற மாதிரி இருந்தது. மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். வாசனையும் அதே வாசனை. தூக்கத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அப்போதுதான் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் அப்படி இருட்டினால் கால் மணித்தியாலத்தில் மழை கொட்டும். கிண்ணத்தில் மழை விழுந்தால் அன்றைய பால் முழுக்கப் பாழ். அதனால் வானம் கறுத்ததுமே “பால் எடுங்க! பால் எடுங்க!” என்று கத்துவோம், எல்லோரும் வாளியோடு ஓடுவார்கள். இங்கே ஓட ஒருவரும் இல்லை. பக்கத்துக் குடிசையில் இரண்டு வாளி சும்மா கிடந்தது. அடுத்தவர் பால் கண்ணெதிரே நாசமாவதை ஒரு கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்பதா?

ஓடினேன். மரத்துக்கு மரம் ஓடினேன். கிண்ணங்களின் அடியில் பழைய பால் கட்டியாக உறைந்திருந்தது. (எங்க தோட்டத்துல இப்படிக் கிடந்தா நான் சாமியாடிருவேன்.) ‘என்ன சோம்பேறி வெட்டு இது’ என்று முணுமுணுத்துக்கொண்டே கட்டிகளைப் பிடுங்கிக் குவித்தேன். புதுப் பாலை வாளியில் ஊற்றினேன். தண்ணீர் தேங்காமலிருக்க ஒவ்வொரு கிண்ணத்தையும் ஒழுங்காகக் கவிழ்த்து வைத்தேன். அறுபது மரமாவது இருக்கும். நிமிர்ந்தபோது போனும் கையுமாக அந்த அக்கா நின்றார்.

வாளிகளைக் கீழே வைத்து, என் போனை எடுத்து, “மழ வரும்னு நெனச்சேங்க்கா” என்றேன். பேச்சுத் தமிழ் போனுக்குப் புரியவில்லை. ஒரு காலத்தில் பள்ளிக்கூட மேடையில் பேச்சை மறந்து நின்ற நான், மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்: “அம்மையீர், மழை வரும் என்று எண்ணினேன்.”

அது லாவோ மொழியில் ஒலித்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பனி விலகி, கழுவி வைத்த மாதிரி நீல வானம். வெயில் என் வழுக்கையில் பளீரென்று விழுந்தது.

பிறகு போன் வழியாக ஒவ்வொன்றாக விளங்கியது. அங்கே தினமும் காலையில் அப்படித்தான் இருட்டும். ஆற்றுப் பனி, மழையில்லை. பாலைக் கிண்ணத்திலேயே அசிட் விட்டு உறையவைத்து, நாலைந்து வெட்டுச் சேர்ந்ததும் கட்டியாக விற்பதுதான் அவர்கள் வழக்கம். அக்கா சாப்பிட்டுவிட்டு அசிட் போத்தலோடு வந்தால், நான் எல்லாவற்றையும் வழித்து வைத்திருக்கிறேன். இன்னும் சொட்டுகிற பால் கவிழ்ந்த கிண்ணத்தின் முதுகில் வழிந்து மண்ணுக்குப் போகிறது. மத்தியானம் லொறி வரும். அது திரும்ப வர இரண்டு வாரமாகும். உறையாத பாலை லொறிக்காரர் தொடமாட்டார்.

“நான் கோபமாக உள்ளேன்” என்றது அவர் போன். அதைச் சொல்லவே தேவையில்லை.

ஆனால் தட்டில் பால் உறைய வைப்பது எங்கள் பால் ஸ்டோரில் தினசரி வேலை. “தட்டுகள் உளவா, அம்மையீர்?” என்றேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போனார். பொலிஸோடு வருவார் என்றுதான் நினைத்தேன். வீட்டிலிருந்த தட்டு, சட்டி, பேசின் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்தார். நான் அவர் தந்த அசிட்டைத் தண்ணீரில் கலந்து, பாலில் விட்டுக் கிண்டி, நுரை எடுத்தேன். அவர் ஓடி ஓடிக் கிண்ணங்களை நிமிர்த்தினார். பிறகு இருவரும் நிழலில் உட்கார்ந்து பால் உறைவதைப் பார்த்தோம். தொட்டால் தளதளவென்று ஆடியது. இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சரசு போனில் கூப்பிட்டாள். “என்னங்க, ஆனை பாத்தீங்களா?”

“இல்ல சரசு. பால் எடுத்தேன்.”

“மாட்டுப் பாலா?”

“றப்பர் பால்.”

“ஏங்க, அங்க போயும் பெரட்டா?”

லொறி வந்தபோது பால் உறைந்திருந்தது. வட்டமாக, சதுரமாக, பேசின் வடிவில் ஒன்று, பூப்போட்ட தட்டின் பூவோடு ஒன்று. லொறிக்காரர் அந்தப் பூவைத் தூக்கிப் பிடித்துச் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. தட்டுகளைக் கழுவிக் கட்டிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வீட்டில் இந்தக் கதை இவ்வளவோடு முடியும். வானம் கறுத்தால் போதும், தீபா போனில், “அப்பா, வாளிய எடுத்தாச்சா?” என்பாள். பஸாரில் கடை வைத்திருக்கும் சிங்கள நண்பர், உச்சி வெயிலில் என்னைப் பார்த்தாலும் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, “மாத்தயா, வெஸ்ஸ எனவத?” என்று சிங்களத்தில் மழை வருமா எனக் கேட்பார். எல்லாம் சரசு பரப்பியது.

அவர்களுக்கு நான் சொல்லாதது மறுநாள் காலை நடந்தது. அடுத்த ஊருக்குப் போகும் வேன் ஆள் நிறையக் காத்திருந்தது. நான் பெட்டியோடு ரோட்டில் நின்றேன். பனி இறங்கி, எதிர்க் கடை கூடத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது, பிறகு அந்த அக்கா வந்தார். போனை எடுக்கவில்லை. பெரிய கறுப்புக் குடை ஒன்றை விரித்து, ஒரு சொட்டு மழையில்லாத அந்தக் காலையில், வேன் கிளம்பும்வரை முகத்தில் சிரிப்பே காட்டாமல் என் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.