ஊசியக்காவின் சிவப்பு ரிப்பன்

பாத்திரத்திலிருந்து ரிப்பனைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் ஊசியக்கா. பீட்ரூட் தண்ணீரில் கிடந்தவரை கண்ணைப் பறிக்கிற சிவப்பாக இருந்தது. குழாயில் ஒரு தரம் அலசியதும், காயத்தில் ஒட்டிப் பிய்த்த பழைய பிளாஸ்திரி மாதிரி ஆகிவிட்டது.

"இது என்ன கலர்?" என்று வாசற்படியில் நின்றபடியே கேட்டார் கணவர். உள்ளே வர இடமில்லை.

"கலர் இன்னும் வரல."

"சாப்பாடு?"

"அதுவும் வரல."

அவர் படியிலிருந்து ஒரு அடி பின்வாங்கினார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு பேசினால் பக்கத்தில் போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

நாடகக் கம்பெனியில் உடை தைப்பவள் அவள். வாயில் எந்நேரமும் ஒரு ஊசியைக் கவ்வியிருப்பதால் எல்லாருக்கும் ஊசியக்கா. இப்போதைய நாடகத்தில் ஒரு முக்கியமான காட்சி. கதாநாயகி தன் கூந்தல் ரிப்பனை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் கட்டுவாள். கீழே காத்திருக்கும் காதலன் அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவான்.

"ரத்தச் சிவப்பு வேணும்," என்று டைரக்டர் சொல்லியிருந்தார். "செங்கல் சிவப்பு வேண்டாம், ரோஜாச் சிவப்பும் வேண்டாம்."

கடையில் வாங்கினால் ஒரே நிமிஷத்து வேலை. ஆனால் கடைச் சாயம் பட்டால் கதாநாயகிக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிடும். போன நாடகத்தில் அழுகைக் காட்சி முழுக்க அவள் சொறிந்துகொண்டே அழுதாள். அதனால் பட்டுத் துணியைக் கையால் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, சமையலறையில் இருப்பதை வைத்தே சாயமும் ஏற்றித் தருகிறேன் என்று ஊசியக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"முடியலேன்னா இப்பவே சொல்லிடுங்க. வாடகைக்கு உடை குடுக்கறவர்கிட்ட கேட்டுக்கறேன்," என்றார் டைரக்டர்.

அந்த வாடகைக்காரர் இவளுடைய இடத்துக்கு நெடுநாளாக அடிபோடுகிறவர். "முடியும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நாளை மாலை முதல் காட்சி.

பீட்ரூட் கைவிட்டதும் மஞ்சள்தூளை எடுத்தாள். மஞ்சளில் சலவைச் சோடா பட்டால் சிவக்கும் என்பது துணி துவைத்த கைக்குத் தெரியாதா? ரிப்பனை மஞ்சள் நீரில் ஊறவைத்து, சோடா கரைத்த தண்ணீரில் போட்டாள். போட்ட கையோடு சிவந்தது. செங்கல்லைவிட ஒரு பிடி ஆழமான சிவப்பு. இன்னும் ஒரு முக்கு முக்கினால் ரத்தத்தைத் தொட்டுவிடும்.

"வந்துடுச்சு பாருங்க," என்று மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டுவிட்டு, முகம் கழுவப் போனாள்.

திரும்பி வந்தபோது கொடியில் எலுமிச்சம்பழ மஞ்சளில் ஒரு ரிப்பன் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காலி பாட்டிலோடு கணவர் நின்றிருந்தார்.

"வினிகர்ல முக்கினா சாயம் போகாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க," என்றார் மெல்லிய குரலில். "உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு…"

"சாயம் போகல. ஊரைவிட்டே ஓடிப்போச்சு."

மறுபடி சோடா. இந்தத் தடவை ஆத்திரத்தில் கை தாராளமாக விழுந்தது. போதாததற்கு அடுப்பையும் கூட்டினாள். சிவப்பு வந்தது, பட்டு போனது. வழவழப்பெல்லாம் வெந்து, சாக்குக் கயிறு மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தாள். இரண்டாகப் பிய்ந்து கையோடு வந்தது.

ஊசியக்கா இரண்டு துண்டையும் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு போய் பீரோவைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளைப் பட்டு ஸ்கார்ஃப் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் கணவர் வாங்கித் தந்தது. அழுக்காகிவிடுமே என்று ஒருநாளும் அவள் அதைக் கட்டியதில்லை.

கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வெட்டு," என்றார் அவர். "நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"பாதிதான் வெட்டுவேன்."

"உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா."

மூலிகைக் கடைக்காரர் இவள் கையில் இருந்த கறைகளைப் பார்த்துவிட்டு ஏதும் விசாரிக்காமலே மஞ்சிட்டி வேரை எடுத்துக் கொடுத்தார். "பட்டுல சிவப்பு ஏத்த இதுதாம்மா. முதல்ல படிகாரத்தண்ணில ஊறவைங்க. கொதிக்க மட்டும் விட்டுடாதீங்க, பழுப்பாயிடும்."

வீட்டுக்கு வந்து புது ரிப்பனைத் தைத்து, படிகாரத்தில் ஊறவைத்து, வேரை இடித்துப் போட்டாள். சாயம் இறுகப் பிடிக்கட்டும் என்று ஒரு கை மாதுளைத் தோலும் சேர்த்தாள். இளஞ்சூட்டில் தண்ணீர் மெல்லச் சிவந்தது. அந்த நேரம் பார்த்து கம்பெனியிலிருந்து போன். ராஜாவின் சட்டை அக்குளில் கிழிந்துவிட்டதாம். நடிகர் கையைத் தூக்காமலே ஆணையிட்டுப் பழகுகிறாராம்.

"அத்தை, ஓடிப்போய் வந்துடறேன். அடுப்பை மட்டும் பார்த்துக்குங்க. கொதிக்கக் கூடாது."

"நீ நிம்மதியாப் போ," என்றார் மாமியார்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. கொதிக்க விடவில்லை. ஆனால் குளிக்க வெந்நீர் போட வீட்டில் வேறு பாத்திரம் ஒன்றுகூட மிச்சமில்லை. எனவே ரிப்பனையும் சாயத்தையும் பரண்மேல் கிடந்த துருப்பிடித்த இரும்புச் சட்டிக்கு மாற்றிவிட்டு, நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தார்.

ஊசியக்கா திரும்பி வந்து சட்டிக்குள் கரண்டியை விட்டாள். இரும்புத் துருவும் மாதுளைத் தோலும் சேர்ந்து கறுத்துப்போய், கரிக்கட்டை மாதிரி ஏதோ ஒன்று சுருண்டு மேலே வந்தது.

"அத்தை…"

"கொதிக்கலையேம்மா?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"இல்லத்தை. கொதிக்கல."

கரிய ரிப்பனைக் குப்பைக்கூடையில் போட்டாள். பீரோ மறுபடி திறந்தது. சத்தம் கேட்டதுமே கணவர் சொல்லாமலே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் அடுப்பைவிட்டு நகரவில்லை. யாரையும் கிட்டே விடவுமில்லை. மாதுளைத் தோலைக் கண்ணிலேயே காட்டவில்லை. தண்ணீரின் சூடு விரல் பொறுக்கிற அளவுக்கு மேலே போகாமல் விரலை விட்டு விட்டே பார்த்துக்கொண்டாள். போன் அடித்தது; எடுக்கவில்லை. கணவர் வெளியிலிருந்து ரொட்டி வாங்கி வந்து, கதவோரம் நின்று, அவள் வாய்க்கு நேராக நீட்டினார். வாயிலிருந்த ஊசியை அவரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

மதியத்துக்கு மேல் ரிப்பனைத் தூக்கினாள். அலசினாள். இன்னொரு முறை அலசினாள். தண்ணீர் தெளிவாகவே ஓடியது. நிழலில் காயப்போட்டு, காவலுக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

காய்ந்த பிறகும் அது சிவப்பாகவே இருந்தது. விரலில் ஊசி குத்தினால் முதல் சொட்டு எழும்புமே, அந்தச் சிவப்பு.

"நிஜமாவே ரத்தம் மாதிரி இருக்கு," என்றார் கணவர்.

"என்னோட ரத்தம்தான்," என்றாள் ஊசியக்கா. இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

டைரக்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நான் கேட்ட அதே சிவப்பு. அந்த வாடகைக்காரர் தலைகீழா நின்னாலும் வராது," என்றார். கதாநாயகி அதைக் கழுத்தில் சுற்றித் தேய்த்துப் பார்த்தாள். "அரிக்கவே இல்லக்கா," என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

அன்று மாலை அரங்கம் நிறைந்திருந்தது. கணவரும் மாமியாரும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். ஊசியக்கா மேடையின் ஓரத்தில், விளக்குகளை இயக்குகிறவரின் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால்தான் ஜன்னல் முழுசாகத் தெரியும்.

காட்சி வந்தது. மேடை இருண்டு, மெல்ல நிலா வெளிச்சம் பரவியது. எங்கும் நீலம். கதாநாயகி கூந்தலில் கைவைத்து, ரிப்பனை உருவி, கம்பியில் கட்டினாள். அது கரேலென்று தொங்கியது. காதலன் அண்ணாந்து பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். சபையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஊசியக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். சிவப்பின் சுவடே இல்லை.

"என்னங்க இது," என்றாள் விளக்குக்காரரிடம் கிசுகிசுப்பாக. "ரிப்பன் கறுப்பால்ல தெரியுது? லைட்ல ஏதும் கோளாறா?"

விளக்குக்காரர் கண்ணை மேடையிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"கோளாறெல்லாம் இல்லக்கா, நீல லைட்ல சிவப்பு கறுப்பாத்தான் தெரியும், டைரக்டர் சாருக்கு வேண்டியது கறுப்பு ரிப்பன்தான், சமையலறைச் சாமானை வெச்சுக் கறுப்பு வரவழைக்கிறது ரொம்பக் கஷ்டம், பாவம், உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்னுதான் சிவப்பு கேட்டார்."