டீவியேஷனில் பாஸான என் தலை

மனித முகங்களைப் படைத்தவர் கடவுள் என்றால், அவற்றை ரிஜெக்ட் செய்யும் அதிகாரம் மைக்ரானிடம் இருந்தது.

ஜூஜுவாடிப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தலைமுடி கனம் கூடினாலும் பீஸில் சிவப்புக் கோடு போடுவார்; மைக்ரான் என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததுதான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓசூரில் ஞாயிறுதோறும் நடந்த ஓவிய, சிற்ப வகுப்பில் நாங்கள் ஒன்றாகச் சேர்ந்தோம். முதல் நாளே சட்டைப்பையிலிருந்து அளவெடுக்கும் இடுக்கியான வெர்னியரை எடுத்து என் மூக்கைக் கவ்வினார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

"அசையாதீங்க. வலது பக்கம் ஒன்றரை மில்லி அவுட்டுங்க. பொறந்ததுல இருந்தே இப்படியா?"

இன்னொருவர் பக்தியோடு வரைந்த பிள்ளையாருக்கும் சிவப்புக் கோடு விழுந்தது. "தந்தம் ஒண்ணு ஷார்ட்டுங்க" என்றார். வகுப்பே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

களிமண்ணில் ஒரு தலை செய்து தேறினால்தான் கல்லில் உளி வைக்கலாம் என்பது வாத்தியாரின் சட்டம். மைக்ரான் ஆசையாகப் பர்கூரிலிருந்து கொண்டுவந்த கருங்கல் இரண்டு வருடமாகப் படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. அவர் செய்த இரண்டு தலைகளையும் வாத்தியார் ஒரே வரியில் தள்ளிவிட்டார்: "அளவு இருக்கு. ஆளைக் காணோம்."

மூன்றாவதாக என் தலையைச் செய்தார். "இதுவும் ஆகலைன்னா கல்லைத் திருப்பிக் கொடுத்துடறேங்க" என்றார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை வகுப்பின் கூரை ஒழுகவே, மைக்ரான் மண் காயாமலிருக்க வெள்ளை ஈரத்துணி சுற்றிய என் தலையை ஆட்டோவில் வைத்து நான் குடியிருந்த வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறார். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். வீட்டு ஓனரம்மா தெலுங்குக்காரர். தண்ணி மோட்டாரைத் தவிர வேறெதையும் என்னிடம் பேசியதில்லை. அவரிடம் மைக்ரான் சொன்னது இவ்வளவுதான்:

"அவரு காலைல ஆறு மணிக்கே போயிட்டாருங்க. இதை உள்ள வைக்கணும்."

மூன்று மணிக்கு நான் திரும்பினேன். வாசலில் செருப்புக் கூட்டம். உள்ளே நாற்காலியில் துணி விலக்கிய என் களிமண் தலை, அதற்கு மல்லிகை மாலை, முன்னால் ஊதுபத்தி. "நல்ல பையன், அதிர்ந்து பேசமாட்டான்" என்று ஒரு பெண் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை நான் பார்த்ததே இல்லை. "என்னம்மா ஆச்சு?" என்றேன்.

ஓனரம்மா திரும்பினார். "அய்யோ தேவுடா" என்று சொம்பைக் கீழே போட்டார். வந்திருந்தவர்கள் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார்கள்.

துணியை நனைக்க வந்த மைக்ரான் உயிரோடிருந்த என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராகச் சிலைக்குப் போய் வெர்னியரை வைத்தார். ஓனரம்மா கன்னத்தைப் பிடித்து அழுததில் அவர் கட்டைவிரல் களிமண்ணில் பதிந்திருந்தது.

"இடது கன்னம் ரெண்டு மில்லி உள்ள போயிருக்குங்க."

"தெரியாம தொட்டுட்டேன்ப்பா" என்றார் ஓனரம்மா. "தினமும் 'வரேம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் போவான். அந்த வாய் அப்படியே இருந்துச்சு."

மைக்ரான் பள்ளத்தை மூட மண்ணை உருட்டினார். உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் உருண்டையை வாளியில் போட்டுவிட்டு, பையிலிருந்து கம்பெனி அட்டை ஒன்றை எடுத்து எழுதினார்: 'டீவியேஷன். ஓகே.' அளவு கொஞ்சம் தப்பினாலும் உபயோகப்படும் பீஸுக்குத் தருகிற அனுமதி அது. அவர் வாழ்நாளில் யாருக்கும் தந்ததில்லை.

"ஒருத்தர் அழுத இடங்க. இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் வாத்தியார் தலையைச் சுற்றி வந்து கன்னத்துப் பக்கம் நின்றார். "இது யார் விரல்?"

"ஓனரம்மா விரலுங்க."

"கல்லை மேல கொண்டாங்க" என்றார் வாத்தியார். மைக்ரான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

அந்தத் தலை இன்றும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இப்போது என் முகத்துக்கும் அதற்கும் ஜாடையே இல்லை என்கிறார்கள் எல்லோரும். எத்தனை மில்லி மாறிவிட்டேன் என்று மைக்ரான் வந்து ஒருமுறை என் மூக்கைக் கவ்விச் சொன்னால் தேவலை.